பொன்னியின் செல்வனில் யார் நிஜம், யார் கல்கியின் கற்பனை? ஈழத்துப் பகுதி பற்றியும் ஒரு கேள்வி

சுழிபுரம் வாசகி:

வணக்கம் எல்லோருக்கும். பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் ஒருவழியாக முடித்துவிட்டேன். நான் படம் இரண்டையும் பார்த்த பிறகு புத்தகத்தைத் தொட்ட ஆள், அதனால் எது கல்கி எழுதியது, எது படத்தில் வந்தது, எது உண்மையாக நடந்தது என்று தலைக்குள் எல்லாம் கலந்து கிடக்கிறது. நந்தினி என்று ஒருத்தி இருந்தாளா? வந்தியத்தேவன்? பூங்குழலி? பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைப் புத்தகம் முடிந்தும் கல்கி நேராகச் சொல்லவில்லை, அது எனக்குச் சரியான எரிச்சல்.

இன்னொன்று. கோடிக்கரையில் படகெடுத்து நம் பக்கம் வருவது, தொண்டைமானாறு, அநுராதபுரம் எல்லாம் புத்தகத்தில் எவ்வளவு விரிவாக வருகிறது, படத்தில் ஏன் அவ்வளவு அவசரம்? அப்புறம், அடுத்து பார்த்திபன் கனவா சிவகாமியின் சபதமா? இலங்கைத் தொடர்புள்ள வேறு சரித்திர நாவல் இருந்தாலும் சொல்லுங்கள். "எல்லாம் கற்பனை, விடு" என்று மட்டும் பதில் போட வேண்டாம். அதை வீட்டில் தம்பி ஏற்கனவே சொல்லிவிட்டான்.

வடமராட்சியான்:

பிள்ளை, தம்பி சொன்னது பாதிதான் சரி.

வந்தியத்தேவர் இருந்தவர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்றே வெட்டியிருக்கிறார்கள். ஆனால் அவர் எப்படிப்பட்டவர், என்ன செய்தார் என்று பெரிதாக ஒன்றும் கிடைக்காது. கல்கிக்கு அதுதான் வசதி. பெயரும் உறவும் கல்வெட்டில், வாய்த்துடுக்கும் குதிரையும் கல்கியிடம். குந்தவை, செம்பியன் மாதேவி, பழுவேட்டரையர் குலம், கொடும்பாளூர் வேளிர் எல்லாம் நிஜம். வானதியின் தகப்பனாகக் கதையில் வரும் கொடும்பாளூர் சிறிய வேளாரும் உண்மையாகவே ஈழத்தில் போரில் இறந்தவர்.

நந்தினி, பூங்குழலி, மந்தாகினி, ஆழ்வார்க்கடியான், மணிமேகலை, சேந்தன் அமுதன் எல்லாம் கல்கி படைத்தவர்கள். இதில் ஒன்றைக் கவனித்தால் கல்கியின் கெட்டித்தனம் விளங்கும்: கதையை இழுத்துக்கொண்டு போகிறவர்களில் பெரும்பாலானோர் இல்லாதவர்கள்தான். சரித்திரத்தில் இருந்தவர்கள் கதையில் கொஞ்சம் அடக்கமாகவே நடக்கிறார்கள், ஏனென்றால் அவர்களுடைய முடிவு ஏற்கனவே எழுதியாயிற்று. நந்தினிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, அதனால்தான் அவள் வரும் பக்கமெல்லாம் அடுத்து என்ன என்று பயந்து பயந்து படிக்கிறோம்.

கரிகாலன் விஷயம். காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில் உடையார்குடிக் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பெயர்களைச் சொல்லி, அவர்களுடைய சுற்றத்தாரின் நிலத்தையும் பறித்து விற்ற கதை அதில் வரும். ரவிதாசன் கதையிலும் வருகிறான், பார்த்திருப்பாய். ஆனால் கொலை எப்படி நடந்தது, பின்னால் யார் நின்றார்கள், பிறகு அரியணை ஏறிய உத்தம சோழனுக்குப் பங்கிருந்ததா என்பதில் ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை. கல்வெட்டு வாய்மூடிய இடத்தில் கல்கியும் விளக்கை அணைத்துவிட்டார். எரிச்சல்படாதே, அந்த இருட்டுத்தான் அத்தனை வருசமாக எல்லோரையும் கதைக்க வைக்கிறது.

நெல்லியடி படப்பைத்தியம்:

படத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன் அக்கா. 1950இலிருந்து 1954 வரை கல்கி பத்திரிகையில் வாராவாரம் வந்த தொடர், அதைப் போய் 2022, 2023 என்று இரண்டு படத்துக்குள் அடக்கினால் வெட்டு எங்காவது விழத்தான் வேண்டும். மணிமேகலையே படத்தில் இல்லை. அந்தப் பெண்ணைத் தூக்கியது எனக்கு மன்னிக்கவே முடியாது, கடைசி பாகத்தில் அவளைப் படித்துவிட்டு அழாத ஆள் கல்நெஞ்சம். சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன், அதாவது பிறகு முடிசூடும் உத்தம சோழன், என்ற பெரிய முடிச்சையும் விட்டுவிட்டார்கள், அதனால் அவனை மணந்து பூங்குழலி ராணியாகும் கதையும் போயிற்று. மாறாக, கல்கி இருட்டில் விட்ட கரிகாலன் சாவைப் படம் வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது. நந்தினிக்கும் ஒரு முடிவு கொடுத்துவிட்டார்கள். இதெல்லாம் குற்றம் என்று சொல்லமாட்டேன், திரையில் ஒருவன் எப்படிச் செத்தான் என்று காட்டாமல் விட்டால் தியேட்டரில் கல்லெறி விழும்.

இலங்கைக் காட்சி அவசரமாகப் போனது உண்மை. அதிலும் படப்பிடிப்பு தாய்லாந்தில் நடந்தது, நம் மணலும் பனையும் அதில் எங்கே தேடுவது. ஆனாலும் எம்.ஜி.ஆர் காலத்திலிருந்து ஆசைப்பட்டு ஆசைப்பட்டுக் கைவிட்ட கதை, எடுத்து முடித்ததற்கே நான் கை தட்டுவேன்.

கோண்டாவில் கிழவன்:

ஈழத்துப் பகுதியைப் பற்றி எல்லோரும் இனிமையாகக் கதைக்கிறீர்கள், நான் கொஞ்சம் உப்புப் போடுகிறேன். கல்கியின் அருள்மொழிவர்மன், அதாவது பின்னாளில் ராஜராஜன், இடிந்த விகாரைகளைத் திருத்திக் கொடுக்கிறார், பிக்குகள் சிம்மாசனத்தையே தூக்கிக் கொடுக்க வருகிறார்கள், அவர் வேண்டாம் என்கிறார். வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சத்தைத் திறந்தால் சோழப் படை விகாரைகளை உடைத்துப் பொன்னை அள்ளிக்கொண்டு போனது என்று எழுதியிருக்கிறது. ராஜராஜன் காலத்தில் வடபகுதி சோழர் கைக்குப் போய், ராஜேந்திரன் காலத்தில் 1017இல் இலங்கை அரசன் ஐந்தாம் மகிந்தனையே பிடித்துக்கொண்டு போனார்கள். சூளவம்சம் தோற்ற பக்கத்தின் குரல், அதையும் அப்படியே நம்பச் சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள் என்கிறேன். தஞ்சாவூரில் இருந்து வாசிக்கிறவனுக்கு அது வெற்றிக் கதை. இங்கே இருந்து வாசிக்கிற நாம் கப்பல் வந்து இறங்கிய கரையில் இருக்கிறோம், அந்த வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

சுழிபுரம் வாசகி:

கிழவன் ஐயா, இதை நான் யோசிக்கவே இல்லை, நன்றி. சோழர் வந்ததற்குப் போய்ப் பார்க்கக்கூடியதாக இங்கே ஏதாவது மிஞ்சியிருக்கிறதா? அப்புறம் வாசிப்பு வரிசை கேட்டேனே, அதை எல்லோரும் மறந்துவிட்டீர்கள்.

வடமராட்சியான்:

மறக்கவில்லை பிள்ளை.

பார்த்திபன் கனவைத்தான் கல்கி முதலில் எழுதினார், சிவகாமியின் சபதம் அதற்குப் பிறகு. ஆனால் கதை நடக்கும் காலப்படி சிவகாமி முந்தியது. நான் சொல்வது சிவகாமியில் தொடங்கு. பார்த்திபன் கனவில் ஒரு சிவனடியார் வருவார், அவர் யார் என்பதுதான் அதன் சுவையே, அதற்கு மேல் வாய் திறக்கமாட்டேன். பல்லவ அரசன் நரசிம்மவர்மனை சிவகாமியில் இளைஞனாகப் பார்த்துவிட்டு வந்தால் இரண்டாவது புத்தகத்தில் மனம் கனக்கும். பார்த்திபன் கனவு 1960இல் ஜெமினி கணேசன், வைஜயந்திமாலா நடித்துப் படமாகவும் வந்தது, கறுப்பு வெள்ளை, கிடைத்தால் பார்.

சிவகாமியில் இலங்கைத் தொடர்பும் உண்டு. மானவர்மன் என்று ஓர் இலங்கை இளவரசன் வருவான். அவன் கற்பனை இல்லை, பல்லவ அரசவையில் தங்கியிருந்து பிறகு பல்லவர் படையோடு வந்து இங்கே அரசைப் பிடித்தவன். பரஞ்சோதிதான் பிறகு சிறுத்தொண்ட நாயனார். நம் கோயில்களில் புராணபடனம் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சீராளன் கதை தெரியும், அந்தச் சிறுத்தொண்டர் வாதாபியில் வாளெடுத்து நிற்கும்போது உடம்பு சிலிர்க்கும். நாகநந்தி அடிகள் மட்டும் முழுக்கக் கல்கியின் சரக்கு.

அப்புறம் அகிலனின் வேங்கையின் மைந்தன், ராஜேந்திரன் காலம், 1963இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ரோகிணி என்ற ரோகண நாட்டுப் பெண், அதாவது தென்னிலங்கைப் பெண், அதில் முக்கியமானவள். நீ கேட்ட இலங்கைத் தொடர்பு கல்கியை விட அதில்தான் கூட.

தொண்டைமானாற்றுத் தோணி:

எங்கள் ஊர்ப் பெயர் வந்ததால் நானும் நுழைகிறேன். இளவரசரைப் பிடிக்க வரும் கப்பல்கள் தொண்டைமானாற்றுப் பக்கம் நிற்பதாகக் கல்கி எழுதுகிறார். இங்கே பெரியவர்கள் சொல்லும் கதை என்னவென்றால், உப்பு ஏற்றுவதற்காக இந்த ஆற்றை வெட்டிவித்தவர் கருணாகரத் தொண்டைமான், அவர் பெயர்தான் ஊருக்கு. கருணாகரனோ முதலாம் குலோத்துங்கனின் தளபதி, கலிங்கத்துப்பரணி பாடுவது அவரைத்தான். அதாவது அருள்மொழிவர்மனுக்கு நூறு வருசம் பிந்திய ஆள். ஊர்க்கதை சரியென்றால் கல்கியின் இளவரசர் வந்தபோது இந்த ஆறும் இல்லை, பெயரும் இல்லை! தொடர்கதைக்காரருக்கு இந்தச் சலுகை கொடுக்கலாம் என்பது என் கட்சி. எங்கள் ஊர்ப்பெயர் புத்தகத்தில் வந்ததற்கே அவருக்கு ஆயிரம் தவறு மன்னிப்பு.

அந்தக் கருணாகரன்தான் சாண்டில்யனின் கடல் புறாவின் கதாநாயகன், மூன்று பாகம். கடல், கப்பல், போர் என்று வந்தால் சாண்டில்யன் கல்கியைத் தூக்கி விழுங்கிவிடுவார். காதல் வர்ணனை வரும் இடத்தில் பக்கங்களைப் புரட்டிவிட்டு அடுத்த சண்டைக்குப் போகலாம்.

போய்ப் பார்க்க மிஞ்சியது கேட்டீர்கள். பொலன்னறுவைக்குப் போனால் இரண்டாம் சிவதேவாலயம் என்று பலகை போட்ட கற்கோயிலைப் பாருங்கள், சோழர் கட்டியது, இன்னும் முழுசாக நிற்கிறது. அதன் பழைய பெயர் வானவன்மாதேவி ஈஸ்வரம். வானவன்மாதேவி என்றால் ராஜேந்திரனின் தாய், கல்கி வானதி என்று எழுதியது அவரைத்தான். தொட்டதற்கெல்லாம் மயங்கி விழும் பெண், சிம்மாசனத்தில் உட்காரமாட்டேன் என்று சபதம் போட்ட பெண், அவள் பெயரில் இங்கே ஒரு கோயில். கல்கியே இதை எழுதியிருந்தால் மிகை என்று சொல்லியிருப்போம்.

சுழிபுரம் வாசகி:

வானதி செய்தி ஒன்றே போதும், தம்பியை வாயடைக்க வைக்க! சரி, சிவகாமியின் சபதத்தில் தொடங்குகிறேன், கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனதால் போனிலேயே கிடைக்கிறது. கடல் புறா மூன்று பாகமும் வைத்திருப்பவர் யாராவது யாழ் நகர்ப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். இரவல் தந்தால் உறை போட்டு, மூலை மடிக்காமல் திருப்பித் தருவேன்.