மீட்டர் போர்டுக்கு நீல எல்இடி: மலைப்பாதைக்கு ஆகுமா?

கோத்தகிரி_ஜீப்
நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார்: "மீட்டர் பல்பை எல்லாம் நீல எல்இடியாக மாற்றினேன், மூடுபனியில் கூட ரோடு பளிச்சென்று தெரிகிறது." படித்ததும் எரிச்சல்தான் வந்தது. மீட்டர் விளக்கு உங்கள் முகத்தில் அடிக்கிறது, ரோட்டில் இல்லை. இருட்டில் வேலை செய்கிற கண் செல்களுக்கு நீலப்பச்சைதான் அதிகம் உறைக்கும், சிவப்பு குறைவு. கண் இருட்டுக்கு முழுசாகப் பழக அரை மணி நேரம் வரை ஆகும். அந்தப் பழக்கத்தைக் கெடுப்பதே நீலம். இதையெல்லாம் விடுங்கள். ஹெட்லைட்டைத் தூரத்துக்குத் தூக்கி அடிக்கும்போது மீட்டரில் எரிகிற ஹை பீம் சின்னம் எந்த வண்டியிலும் நீலம். போர்டே நீலமாக இருந்தால் அது எரிவது எப்படித் தெரியும்?

குன்னூர்_ஒயரிங்
நான்தான் எழுதினேன். இந்த வேலையில் முடி நரைத்தவன். கண் இருட்டுக்குப் பழகுவது அடர்ந்த காட்டில் சரி. மேட்டுப்பாளையம் ரோட்டில் எதிரே பஸ் லைட் அடித்துக்கொண்டே இருக்கிறது, எங்கே பழகும்? பிரச்சினை நிறத்தில் இல்லை, வெளிச்சத்தின் அளவில் இருக்கிறது. மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மரைக் குறைத்து வைத்தால் எந்த நிறமும் சரிதான்.

கோத்தகிரி_ஜீப்
டிம்மரா? பழைய வண்டியில் இருப்பது கம்பிச்சுருள் டிம்மர், சாதா பல்புக்காகச் செய்தது. எல்இடி போட்டால், திருகைக் கொஞ்ச தூரம் திருப்பும்வரை வெளிச்சம் குறையவே குறையாது, அப்புறம் பொசுக்கென்று அணையும். கேள்வி அதுவும் இல்லை. ஹை பீம் நீலம், போர்டு நீலம். பதில் சொல்லுங்கள்.

மஞ்சூர்_பிக்கப்
அண்ணா, இடையில் ஒரு சந்தேகம். என் வண்டியில் சிவப்பு எல்இடி போட்டேன், ஸ்பீடோமீட்டர் கருத்துப் போய்விட்டது. பல்பு எரிகிறது, எழுத்து தெரியவில்லை.

குன்னூர்_ஒயரிங்
தம்பி, பல்புக்கு மேலே பச்சைத் தொப்பியோ, டயலுக்குப் பின்னால் பச்சைத் தாளோ இருக்கும். அது பச்சையை மட்டும்தான் விடும், சிவப்பை முழுங்கிவிடும். கழற்றிவிட்டுப் போடு. ஒரு பல்பு மட்டும் எரியாவிட்டால் எடுத்துத் திருப்பிச் செருகு, எல்இடிக்கு பிளஸ் மைனஸ் உண்டு. பழைய டீசல் வண்டியில் பேட்டரி சார்ஜ் ஏறுகிறதா என்று காட்டுகிற சார்ஜ் விளக்கின் பல்பை மட்டும் தொடாதே. பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டருக்கு முதல் கரண்ட் அது வழியாகத்தான் போகும். எல்இடி அவ்வளவு விடாது, பேட்டரி சார்ஜ் ஏறாமல் வழியில் நிற்பாய். இதைத் தெரியாமல் சிலர் இங்கே பாடம் நடத்துகிறார்கள்.

கோத்தகிரி_ஜீப்
சார்ஜ் விளக்கைப் பற்றி யார் கேட்டது? நான் கேட்டது ஹை பீம். இப்போது வருகிற பல கார்களில் எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்பதைக் காட்டுவதும் நீலச் சின்னம்தான். டிசம்பரில் ஊட்டியில், புல் மேல் உறைபனி கிடக்கிற காலையில், அது சீக்கிரம் அணையாது. நீலப் போர்டில் அதையும் எங்கே தேடுவது?

குன்னூர்_ஒயரிங்
மூடுபனியில் ஹை பீம் எரிந்தால் கண்ணெதிரே வெள்ளைச் சுவர் மாதிரி எழும்பி நிற்கும். சின்னத்தைப் பார்த்தா தெரிந்துகொள்ள வேண்டும்? மலையில் வண்டி ஓட்டுகிறவனுக்கு இது தெரியும்.

கோத்தகிரி_ஜீப்
மூடுபனி இல்லாத இடத்தில்? கட்டபெட்டு தாண்டி வானம் தெளிந்திருக்கும். உங்களுக்கு ரோடு நன்றாகத்தான் தெரியும், வளைவில் எதிரே வருகிறவன் கண் போகும். அந்தச் சின்னம் அவனுக்காக. மலையில் நான் ஓட்டவில்லை என்கிறீர்களா? கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவும் ராத்திரியில் இறங்கியவன் நான்.

ஊட்டி_பழைய_டிரைவர்
இருவருக்கும் ஒன்று சொல்கிறேன். நாற்பது தாண்டியவனுக்குச் சிவப்பு எழுத்தும் கஷ்டம்தான். கிட்டத்தில் சிவப்பைப் படிக்க கண் இன்னும் கொஞ்சம் சிரமப்பட வேண்டும். வெள்ளெழுத்து வந்தவனுக்கு மங்கலாகத் தெரியும். எனக்கு இளமஞ்சள்தான் ஒத்துவருகிறது. சண்டை போடுகிறவர்கள் முதலில் வயதைச் சொல்லுங்கள்.

கோத்தகிரி_ஜீப்
ஐயா, இளமஞ்சள் என்றால் எனக்கும் சம்மதம். நீலம் மட்டும் கூடாது. ஏன் என்று மறுபடியும் சொல்கிறேன்: ஹை பீம் நீலம்.

குன்னூர்_ஒயரிங்
நீலம் கூடாது என்றால் ஃபோக்ஸ்வேகன் பல வருஷம் நீல வெளிச்சத்தில் மீட்டர் போட்டு விற்றது எப்படி? அவர்கள் எஞ்சினியருக்கு ஹை பீம் சின்னம் தெரியாதா?

கோத்தகிரி_ஜீப்
முள்ளைச் சிவப்பாக வைத்து, சின்னத்தின் வெளிச்சத்தைத் தனியாகக் கணக்குப் போட்டுச் செய்தது கம்பெனி. நீங்கள் செய்தது கடையில் வாங்கிய பல்பைச் செருகியது மட்டும்தான். பிஎம்டபிள்யூ எத்தனையோ காலம் ஆரஞ்சுச் சிவப்பிலேயே நின்றதே, அதை ஏன் சொல்லவில்லை?

மஞ்சூர்_பிக்கப்
தொப்பியைக் கழற்றினேன், சிவப்பு நன்றாக எரிகிறது. நன்றி அண்ணா.

கோத்தகிரி_ஜீப்
பார்த்தீர்களா, தம்பி சிவப்புதான் போட்டிருக்கிறார்.

குன்னூர்_ஒயரிங்
என்னிடம் கேட்டுப் போட்டார், உங்களிடம் இல்லை. போன மாதம் பர்லியார் வளைவில் இறங்கும்போது ஏறுகிற வண்டிக்கு வழி விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டு நின்ற பச்சை ஜீப் யாருடையது என்று இங்கே பலருக்குத் தெரியும். அதைப் பற்றியும் எழுதுங்கள்.

கோத்தகிரி_ஜீப்
அன்றைக்குப் பின்னால் லாரி ஒட்டி நின்றது, நான் எப்படி ரிவர்ஸ் எடுப்பது? அந்த ஏறுகிற வண்டி ஹை பீமைக் குறைக்கவே இல்லை. அதன் போர்டு என்ன நிறம் என்று நீங்களே சொல்லுங்கள்.