புதுப்பிப்பு: பாறையோரம் பிடித்த நண்டுகளைச் சாப்பிடலாமா?

நேற்று காலை பிடித்த இரண்டு வகை நண்டுகளின் படம் போட்டு, எதைச் சாப்பிடலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"கடைசி ஜோடிக் காலைப் பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. பெரிய மூன்றுக்கும் அந்தக் கால் துடுப்பு மாதிரி தட்டையாக இருந்தது. ஓட்டின் பின்பக்கம் வெளிர் வளையத்துக்குள் மூன்று கருஞ்சிவப்புப் புள்ளிகள். சாப்பிடக்கூடிய முக்கண் நண்டேதான்.

சின்னதற்குக் கால்கள் கூர்மை, ஓடு விசிறி வடிவம், கொடுக்கின் நுனி கருப்பு. கருப்பு நுனி உள்ள எல்லாமே விஷம் இல்லை. ஆனால் இந்த வகைப் பாறை நண்டுகள் சிலவற்றில் சாக்ஸிடாக்சின், டெட்ரோடோடாக்சின் என்ற கொடிய நஞ்சுகள் இருக்கும்; எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. நிச்சயமாகத் தெரியாததால் பாறையிடுக்கிலேயே விட்டுவிட்டேன். தயவுசெய்து இதில் யாரும் சோதனை செய்து பார்க்காதீர்கள்.

அப்புறம், எதிர்பாராதது இரண்டு. ஒரு முக்கண் நண்டின் வயிற்று மடலுக்கடியில் ஆரஞ்சு நிற முட்டைக் கொத்து இருந்தது. அதையும் கடலில் விட்டேன். இன்னொன்று பார்க்கப் பெரிது, கையில் எடுத்தால் கனமே இல்லை. அடிப்பக்கத்தை அழுத்தினால் அமுங்கியது. சமீபத்தில் ஓடு மாற்றியிருக்கிறது. வேகவைத்து உடைத்தால் உள்ளே தண்ணீர்தான். மூன்றாவதன் செவுளை நீக்கிவிட்டுச் சாப்பிட்டோம். சதை நல்ல இனிப்பு.