குட்டி இளவரசன்: பயோபாப் மரத்திலிருந்து கருப்பொருளுக்குப் போவது எப்படி?

உப்புவெளி வாசகி:
வணக்கம். திருகோணமலையில் எங்கள் வாசிகசாலையில் சனிக்கிழமைகளில் தரம் 8, 9 பிள்ளைகளோடு ‘குட்டி இளவரசன்’ வாசிக்கிறோம். சின்னஞ்சிறு கிரகமொன்றிலிருந்து வந்த இளவரசன் பாலைவனத்தில் ஒரு விமானியைச் சந்திக்கும் கதை, பிரெஞ்சு எழுத்தாளர் அந்துவான் து செந்த்-எக்சுபெரி எழுதியது. கதை எல்லாருக்கும் பிடித்துவிட்டது. ஆனால் "பயோபாப் என்றால் கெட்ட பழக்கம், ரோஜா என்றால் அன்பு, நரி என்றால் நட்பு, சரிதானே டீச்சர்?" என்று கொப்பியில் எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். பரீட்சைக்கு அது போதும்தான், எனக்குப் போதவில்லை. இந்த உருவகங்களெல்லாம் சேர்ந்து நாவல் முழுக்க என்ன சொல்கின்றன என்று பிள்ளைகளே கண்டுபிடிக்க என்ன கேள்வி கேட்கலாம்?

கொட்டியாரம்:
டீச்சர், முதலில் பின்னணியைச் சொல்லுங்கள். புத்தகம் 1943இல் நியூயோர்க்கில் வெளிவந்தது. ஜெர்மனி பிரான்சைப் பிடித்த பிறகு அங்கிருந்து வெளியேறிய ஒருவர் எழுதியது. அதனால்தான் கிரகத்தையே மூடி நிற்கும் அந்த மூன்று பயோபாப் மரங்களையும் நாசிசம் என்று பலர் வாசிக்கிறார்கள். இது தெரிந்தால் பிள்ளைகள் கதையைச் சின்ன விஷயமாக நினைக்க மாட்டார்கள்.

நிலாவெளி:
அண்ணா சொல்வது உண்மைதான், ஆனால் அதை முதலே சொன்னால் "பயோபாப் என்றால் நாசிசம்" என்று கொப்பியில் இன்னொரு வரி ஏறும், அவ்வளவுதான். கடைசியில் சொல்லுங்கள்.

எது எதைக் குறிக்கிறது என்று கேட்காதீர்கள், இளவரசன் அதை என்ன செய்கிறான் என்று கேளுங்கள். 5ஆம் அத்தியாயத்தில், முளைக்கும்போது பயோபாப்பும் ரோஜாவும் ஒரே மாதிரித்தான் இருக்கும். எது எது என்று தெரிந்த உடனே பயோபாப்பைப் பிடுங்க வேண்டும், காலையில் முகம் கழுவுவதுபோல ஒவ்வொரு நாளும். அந்த மரம் மோசமானதா என்றும் கேட்டுப் பாருங்கள். மன்னாரில் நிற்கும் பெருக்க மரமும் பயோபாப்தான், அதைப் பார்க்க ஆட்கள் தேடிப் போகிறார்கள். இளவரசனின் கிரகம் ஒரு வீட்டளவு, மரம் பெருத்தால் அதை உடைத்துவிடும், அதுதான் அங்கே பிரச்சினை. பிள்ளைகள் இதைப் பிடித்துவிட்டால் ‘கெட்ட பழக்கம்’ என்று எழுதியதை அவர்களே வெட்டுவார்கள்.

அப்புறம் ஆட்டைத் தொடருங்கள். பயோபாப் முளைகளைத் தின்னட்டும் என்றுதான் இளவரசன் விமானியிடம் ஓர் ஆடு வரைந்து தரக் கேட்கிறான். 7ஆம் அத்தியாயத்தில் அதே ஆடு அவன் நேசிக்கும் ரோஜாவையும் தின்றுவிடுமோ என்று பயம் வருகிறது. காப்பாற்ற வந்ததே ஆபத்தாகிறது. வாய்ப்பூட்டு வரைந்து கொடுத்த விமானிக்கு அதைக் கட்டும் தோல் பட்டியை வரைய மறந்துபோய், கடைசி அத்தியாயத்திலும் ஆடு பூவைத் தின்றதா இல்லையா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். நேசித்த ஒன்றுக்கு நாம் பொறுப்பு, அந்தப் பொறுப்பு ஒருநாளும் முடிவதில்லை என்பது இந்த ஆட்டின் வழியாகத்தான் எனக்கு விளங்கியது.

உப்புவெளி வாசகி:
ஆட்டை நான் இப்படித் தொடர்ந்து பார்க்கவே இல்லை, மிக்க நன்றி. நரியை எப்படித் தொடுவது?

சம்பூர் தங்கச்சி:
அக்கா, நரி பேசும் கோதுமை வயலில் நிறைய நேரம் நில்லுங்கள். ஓர் உருவகம் எப்படிப் பிறக்கிறது என்பதை நாவலே காட்டும் இடம் அது. நரி ரொட்டி தின்பதில்லை, கோதுமையால் அதற்கு ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனால் இளவரசனின் முடி பொன்னிறம், அவனோடு பழகிய பிறகு அந்த வயலைக் கண்டால் அவன் ஞாபகம் வரும், வயலில் காற்று வீசும் சத்தம்கூடப் பிடித்துப்போகும் என்கிறது. வயல் அதே வயல், பழகியதால் அர்த்தம் வந்தது. நம் பிள்ளைகளுக்குச் சீனக்குடா மா ஆலைக்குக் கப்பலில் வரும் கோதுமையைத்தான் தெரியும், அதனால் கந்தளாய்ப் பக்கம் அறுவடைக்கு நிற்கும் நெல் வயலை நினைக்கச் சொல்லுங்கள். யாரையாவது ஞாபகப்படுத்தும் பொருள் ஒன்றை ஒவ்வொருவரும் எழுதட்டும். அதற்குப் பிறகு, தன் ரோஜாவைப்போல வேறொன்று இல்லை என்று நம்பியிருந்து, பூமியில் ஐயாயிரம் ரோஜாக்களைக் கண்டு அழுதவன் ஏன் தன் ஒரு ரோஜாவிடம் திரும்பப் போக நினைக்கிறான் என்று கேளுங்கள். பதில் அவர்களிடமிருந்தே வரும்.

உப்புவெளி வாசகி:
சரி தங்கச்சி. வருகிற சனிக்கிழமை 5, 7, 21ஆம் அத்தியாயங்களை மட்டும் திரும்ப வாசிக்கப் போகிறோம். 14இல் வரும் விளக்கேற்றுபவரையும் சேர்த்தால் நேரம் போதுமா என்பதுதான் யோசனை, செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.