லித்தியம் பிரித்தெடுப்பு: பி.எச்டி.க்கு எந்தப் பக்கம் போகலாம்?

மல்லேஸ்வரம்_பையன்:
வணக்கம். பெங்களூரில் எம்.எஸ்சி. வேதியியல் கடைசி செமஸ்டர். சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் லித்தியம் எடுப்பதில் பி.எச்டி. பண்ண ஆசை. எதைப் படித்தாலும் 'நேரடிப் பிரித்தெடுப்பு' என்கிறார்கள். பக்கத்து மண்டியாவில் 1,600 டன் லித்தியம் இருப்பதாக 2021இல் செய்தி வந்ததே, அதற்கு இது உதவுமா?

உப்புத்தண்ணி:
மண்டியாவை விடுங்கள் தம்பி, அது பாறை. அதில் லித்தியம் இருக்கும் ஸ்பாட்யுமீன் என்ற கனிமத்தை 1,000 டிகிரிக்கு மேல் வறுத்து, அப்புறம் கந்தக அமிலத்தில் போட வேண்டும். நீங்கள் சொல்வது நிலத்தடி உப்புநீருக்கான முறை. சிலியின் அட்டகாமாவில் உப்புநீரை நம்மூர் உப்பளம் மாதிரி பாத்தி கட்டி ஒரு வருஷத்துக்கும் மேல் காயவிடுகிறார்கள், அத்தனை தண்ணீரும் ஆவியாகப் போகிறது. நேரடி முறையில் லித்தியத்தை மட்டும் ஒரு பொடி பிடித்துக்கொள்ளும், மீதி நீரை நிலத்துக்கே திருப்பலாம். புதுசும் இல்லை, அர்ஜென்டினாவின் ஓம்ப்ரே முவெர்த்தோ உப்புப் படுகையில் 1990களின் கடைசியிலிருந்தே நடக்கிறது. ஆனால் பிடித்ததைக் கழுவி எடுக்க நல்ல தண்ணீரோ அமிலமோ வேண்டும், பாலைவனத்தில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? அந்தப் பொடி மாங்கனீஸில் செய்தது என்றால் ஒவ்வொரு கழுவலிலும் அதுவே கொஞ்சம் கரைந்து போகும். வேலை கிடக்கிற இடம் இதுதான். நாங்களே கலக்கிய கரைசலில் ஜோராக ஓடிய பொடி, நிஜ உப்புநீரை ஊற்றியதும் படுத்துவிட்டது. மெக்னீசியம் அயனியும் ஏறக்குறைய லித்தியம் அளவுதான், லித்தியத்தின் இடத்தில் அது புகுந்துகொள்கிறது.

பீன்யா_பழையபேட்டரி:
எதற்குச் சிலி வரை? செத்துப்போன ஸ்கூட்டர் பேட்டரியைப் பிரித்து அரைத்தால் கையில் ஒட்டினால் போகாத கருப்புப் பொடி வரும், அதிலேயே லித்தியம் இருக்கிறது. கோபால்ட், நிக்கல் விலை போவதால் எல்லோரும் அதன் பின்னால்தான். இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் அவை இரண்டும் கிடையாது, லித்தியத்தை எடுத்தால்தான் காசு. ஐரோப்பாவில் 2027 முடிவுக்குள் 50 சதவீதம், 2031க்குள் 80 சதவீதம் லித்தியத்தை மீட்டாக வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள்.

மல்லேஸ்வரம்_பையன்:
நன்றி அண்ணா. மறுசுழற்சியும் யோசிக்கிறேன், ஆனால் மனசு உப்புநீரில்தான். நிஜ உப்புநீருக்கு எங்கே போவது?

உப்புத்தண்ணி:
தூத்துக்குடி உப்பளத்தில் உப்பை வாரியபின் கசப்பாக ஒரு தண்ணீர் மிஞ்சும். லித்தியம் சொற்பம், நீங்களே கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். மெக்னீசியம் மட்டும் வேண்டிய அளவு இருக்கும். பொங்கலுக்கு யாராவது அந்தப் பக்கம் போனால் இரண்டு காலி கேன் கொடுத்து நிரப்பி வரச் சொல்லுங்கள்.