கிராவல் சைக்கிள் வாங்கிவிட்டேன். இங்கிலாந்தின் ரெடிங்கிலிருந்து எங்கே ஓட்டலாம்?

ரெடிங்வாசி:

மூன்று வாரங்களுக்கு முன் கைமாறி வந்த ஒரு கிராவல் சைக்கிளை, அதாவது தார்ச்சாலையிலும் மண், சரளைப் பாதையிலும் ஓட்டுகிற சைக்கிளை, வாங்கினேன். டயர் 40 மில்லிமீட்டர், உள்ளே டியூப் இருக்கிறது. என்னிடம் கார் இல்லை. எங்கே போவதானாலும் ரயிலில் ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே மூக்குடைபட்டேன். கோரிங் ஸ்டேஷனில் இறங்கி, கைப்பேசி வரைபடம் காட்டிய வழியில் ஒரு பீச் மரக் காட்டுக்குள் நுழைந்தேன். அகலமான பாதை, காய்ந்த சருகு, மேடும் பள்ளமுமாக மாறிமாறி வரும் தடம். இதற்குத்தானே இத்தனை பணம் கொடுத்தோம் என்று மனம் குளிர்ந்தது. சிறிது தூரத்தில் வேலியின் குறுக்கே ஏறி இறங்கும் மரப்படி வந்தது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நான் அதன்மேல் தத்தளித்தபோது, மறுபக்கம் நாயோடு வந்த ஒரு பெரியவர் நான் இறங்கும்வரை பொறுமையாக நின்றார். பிறகு, "வழி தவறிவிட்டீர்களா? இது நடப்பவர்களுக்கான பாதை" என்றார். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன். வந்த வழியே முழுவதும் தள்ளிக்கொண்டு திரும்பினேன்.

எந்தப் பாதையில் ஓட்டலாம், எதில் கூடாது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அரை நாளில் முடிகிற, மேடும் காடும் உள்ள வழி ஏதேனும் சொல்வீர்களா? அக்டோபர் பாதி வந்துவிட்டது, இனி வசந்தம்வரை காத்திருக்க வேண்டியதுதானா?

பழையசங்கிலி:

தம்பி, அந்த மரப்படியே உங்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறது. குதிரையால் படி ஏற முடியாது. படி வந்தால் அது ஃபுட்பாத், அதாவது நடப்பவர்களுக்கு மட்டுமான பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரைடில்வே என்னும் குதிரைப் பாதையில் படி இருக்காது, கேட்தான் இருக்கும். குதிரைமேல் இருந்தபடியே எட்டித் திறக்கிற மாதிரி நீண்ட கைப்பிடி வைத்த கேட்களும் உண்டு. சைக்கிளில் இருந்து இறங்காமல் அதைத் திறந்து பழகிவிட்டீர்கள் என்றால் பாதி வித்தை கைவந்துவிட்டது.

கம்பங்களில் உள்ள அம்புக்குறியைப் பாருங்கள். மஞ்சள் என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். நீலம் பிரைடில்வே, ஊதா மோட்டார் வண்டிக்கு அனுமதியில்லாத பைவே என்னும் ஊர்ப்புற வழி, சிவப்பு மோட்டார் வண்டியும் வரக்கூடிய பைவே. இந்த மூன்றிலும் நமக்கு உரிமை உண்டு. பிரைடில்வேயில் சைக்கிளுக்கு உரிமை தந்தது 1968-ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம். நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் தந்தது. பலர் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

கைப்பேசி வரைபடத்தை நம்பிக் காட்டுக்குள் போகாதீர்கள். அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்புளோரர் வரைபடத்தைப் பாருங்கள். 1:25,000 அளவு, அதாவது தாளில் நான்கு சென்டிமீட்டர் தரையில் ஒரு கிலோமீட்டர். பச்சைக் கோடுகளில் குட்டைக்கோடு ஃபுட்பாத், நீண்டகோடு பிரைடில்வே. எனக்குக் கண்ணாடி போட்டும் சில இடங்களில் குட்டையா நீளமா என்று குழப்பம் வரும். அது வேறு விஷயம்.

இனி வழி. நீங்கள் கோரிங்கில் இறங்கியது சரி, திரும்பிய திசைதான் தவறு. ஏவ்பரி அருகே ஓவர்டன் ஹில்லில் தொடங்கி ஐவிங்கோ பீக்கன்வரை 139 கிலோமீட்டர் போகிற ரிட்ஜ்வே என்ற நெடும்பாதை, தேம்ஸைக் கடப்பது கோரிங்கில்தான். ஆற்றுக்குக் கிழக்கே அது பல இடங்களில் வெறும் நடைபாதை. மேற்கே ஸ்ட்ரீட்லியிலிருந்து சைக்கிளுக்குத் திறந்த பாதை. முதலில் கொஞ்சம் தார்ச்சாலை, பிறகு மூச்சு வாங்கும் ஏற்றம். மேலே ஏறிவிட்டால் மரம் குறைவு, வானம்தான் அதிகம். ஓரமாகப் பந்தயக் குதிரைகளுக்குப் பயிற்சி தரும் புல்வெளிகள் நீண்டு கிடக்கும். ஏ34 சாலையைச் சுரங்கவழியில் கடந்து, ஸ்கச்சமர் நாப் என்ற பழைய மண்மேடு இருக்கும் மரக்கூட்டத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஈஸ்ட் ஹெண்ட்ரெட் வழியாக டிட்காட் ஸ்டேஷனுக்கு இறங்குங்கள். 30 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின். மேலே குடிதண்ணீர் கிடைப்பது அரிது, இரண்டு பாட்டிலும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

வேலியோரம்:

அண்ணா சொன்ன வழி அருமையானது, ஆனால் டியூப் போட்ட டயரோடு இந்த மாதத்தில் அங்கே அனுப்புகிறாரே என்று எனக்குப் பதற்றம். மார்ச் முதல் ஆகஸ்ட் முடிய விவசாயிகள் வேலிச் செடிகளை வெட்டக்கூடாது, பறவைகள் கூடு கட்டும் காலம். அதனால் செப்டம்பர் பிறந்ததும் வெட்டத் தொடங்குவார்கள். வேலிச் செடியான ஹாத்தார்னின் முள் பாதையெங்கும் சிதறிக் கிடக்கும். இந்தக் காலத்தில் டியூப்லெஸ் டயரும் உள்ளே அடைப்புத் திரவமும் இருந்தால் நிம்மதி.

முள்ளாவது பரவாயில்லை. பள்ளிக்கூடத்தில் கற்காலப் பாடத்தில் படித்தோமே சிக்கிமுக்கிக்கல், அது அந்த மலை முழுக்கச் சுண்ணாம்புக்குள் புதைந்திருக்கிறது. உடைந்த விளிம்பு கத்திதான். சென்ற ஆண்டு என் பின்டயரின் பக்கச்சுவரை ஒரு விரல் நீளத்துக்கு அறுத்துவிட்டது. திரவம் முழுவதும் பீய்ச்சி அடித்து என் கால் வெள்ளையானதுதான் மிச்சம். கடைசியில் ஐந்து பவுண்டு நோட்டை நான்காக மடித்து, கிழிசலுக்கு உள்பக்கம் வைத்து, அதன்மேல் டியூப் போட்டுக் காற்றடித்தேன். 2016-லிருந்து அந்த நோட்டு பிளாஸ்டிக் அல்லவா, வாண்டேஜ் ஊர்வரை தாங்கியது. இறங்கியதும் அதே நோட்டைக் கழுவித் துடைத்து டீ வாங்கினேன்.

குதிரை எதிரே வந்தால் நின்றுவிடுங்கள். பின்னாலிருந்து நெருங்கினால் தூரத்திலேயே குரல் கொடுங்கள். பெல் அடிக்காதீர்கள். மனிதக் குரல் குதிரைக்குப் பழக்கம், திடீர் மணியோசைக்கு மிரளலாம். வானிலை என்று ஏதாவது பேசிக்கொண்டே கடந்தால் போதும், இந்த நாட்டில் அதற்குப் பஞ்சமே இல்லை.

குட்டைக்குதிரை:

காடுதான் வேண்டும் என்றால் குளிர்காலத்துக்குத் தென் இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் காட்டுப்பகுதி. ரெடிங்கிலிருந்து பிராக்கன்ஹர்ஸ்டுக்கு நேரடி ரயிலில் போகலாம். சைக்கிளுக்கு இடம் முன்பதிவு செய்துவிடுங்கள். அங்கே வனத்துறை போட்ட சரளைக்கல் பாதைகள் மொத்தம் 100 மைலுக்கு மேல், மழையிலும் கெட்டியாக இருக்கும். 1964-இல் மூடிய ரயில் தடத்தின்மேல் பர்லி பக்கம் போகிற வழி ஏற்றமே இல்லாதது. ஆனால் சைக்கிள் பாதை என்று குறித்த தடத்தைவிட்டு விலகக்கூடாது.

இலையுதிர்காலத்தில் பன்றிகளைக் காட்டுக்குள் அவிழ்த்துவிடுவார்கள். பச்சை ஓக் கொட்டைகள் அங்கே மேயும் குட்டைக்குதிரைகளுக்கு விஷம், பன்றிகள் அதைத் தின்று தீர்க்கும். வளைவில் திரும்பியதும் நடுப்பாதையில் ஒரு பன்றி நின்று உங்களைப் பார்க்கும். அது நகராது. நீங்கள்தான் நகர வேண்டும்.

ரெடிங்வாசி:

போய்வந்துவிட்டேன். அக்காவின் பேச்சைக் கேட்டு டியூப்லெஸ் மாற்றினேன், ஐந்து பவுண்டு நோட்டையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். தேவைப்படவில்லை.

முந்தைய இரவு மழை. ஸ்ட்ரீட்லி ஏற்றத்தின் கடைசிப் பகுதியில் பின்சக்கரம் வழுக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்தேன். நனைந்த சுண்ணாம்பு சோப்புதான். மேலே போனதும் காற்று தூக்கியது. இரண்டு பெண்கள் குதிரையில் முன்னால் போனார்கள். "காற்று பலமாக இருக்கிறது இல்லையா" என்று கத்தினேன். குரல் அவர்களுக்குக் கேட்கவில்லை, குதிரைக்குக் கேட்டது, காதைத் திருப்பியது. பிறகுதான் அவர்கள் திரும்பிப் பார்த்து ஓரம் கட்டினார்கள். கேட் ஒன்றையும் இறங்காமல் திறந்தேன், ஐந்தாவது முயற்சியில்.

டிட்காட் வரும்போது வெள்ளையடிக்கக் கரைத்த வாளியில் முக்கி எடுத்தது போல் இருந்தது சைக்கிள். ரயிலில் என் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்த களைப்பில் அப்படியே சாத்திவைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் சங்கிலி, பிரேக் எல்லாம் காரை பூசியது போல் இறுகியிருக்கிறது. இதை எப்படி எடுப்பது?

பழையசங்கிலி:

காயும் முன்னே தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். பரவாயில்லை. வெதுவெதுப்பான தண்ணீர், பழைய பல்துலக்கி, அரை மணி நேரப் பொறுமை. பெட்ரோல் பங்க் பீய்ச்சுகுழாயிடம் கொண்டுபோகாதீர்கள், பேரிங்குக்குள் சேறு போய்விடும். காய்ந்த பிறகு எண்ணெய். பல்துலக்கியைத் திரும்பக் குளியலறையில் வைத்துவிடாதீர்கள், எங்கள் வீட்டில் அது பெரிய சண்டையாகிவிட்டது.