ஹைலைட்டர் பவுடர் கன்னத்தில் கோடாக நிற்கிறது, அவசரம்

கல்லடிப் பிள்ளை:
எல்லோருக்கும் வணக்கம். கன்னத்தை மினுங்க வைக்கும் ஹைலைட்டர் பவுடர் போட்டால் கன்னத்தில் வெள்ளைக் கோடாக நிற்கிறது. சிலர் போட்டிருப்பதே தெரியாமல் முகம் ஒளிர்கிறதே, அது எப்படி? ஞாயிறு மச்சாளின் கல்யாணம், தோழிப்பெண் நான்தான். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

வாவிக்கரை:
எதைப் பற்றிச் சொல்வது? உங்கள் நிறம் என்ன, பவுடரின் நிறம் என்ன, எதைக் கொண்டு பூசுகிறீர்கள், அடியில் என்ன இருக்கிறது? கல்யாணம் பகலிலா இரவிலா? இவற்றில் ஒன்றையாவது எழுதியிருக்கலாம்.

செவ்விளநீர்:
மகள், இந்தப் பெட்டிகளை எல்லாம் தூக்கிப் போடுங்கள். இரவில் தேங்காயெண்ணெய் இரண்டு சொட்டு, காலையில் கடலைமா போட்டுக் கழுவினால் முகம் தானாக மினுங்கும். எங்கள் காலத்தில் ஹைலைட்டரா இருந்தது?

மருதமுனைச் சகோதரி:
எண்ணெய்ச் சருமம் உள்ளவர்கள் இரவெல்லாம் தேங்காயெண்ணெய் பூசினால் ஞாயிற்றுக்கிழமை முகத்தில் பருதான் மினுங்கும். தங்கச்சி, அதைச் செய்து பார்க்க இது நேரமில்லை.

அலங்காரி:
மாதத்துக்கு ஒருமுறை யாராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். தேடிப் பார்க்கும் பழக்கமே இல்லை. ஏறாவூரிலிருந்து களுவாஞ்சிகுடி வரை மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: பவுடரில் குற்றமில்லை, கையில்தான் குற்றம். பெட்டிக்குள் வரும் சின்னப் பஞ்சுக் குச்சியால் இழுத்திருப்பீர்கள். அதை வைத்துக்கொண்டு கோடு மட்டும்தான் போடலாம்.

கல்லடிப் பிள்ளை:
ஆம் அக்கா, அந்தக் குச்சிதான். நான் மாநிறம். பெட்டியில் நிறத்தின் பெயர் இல்லை. வெள்ளையாக இருக்கிறது, சரித்துப் பார்த்தால் ஊதா அடிக்கிறது. அடியில் வழக்கமானதுதான். கல்யாணம் காலையில்.

வாவிக்கரை:
வழக்கமானது என்றால்? யாருடைய வழக்கம்?

சம்மாந்துறை ஆசிரியர்:
ஊதா அடிக்கிறது என்றதுமே விடை கிடைத்துவிட்டது. நான் பாடசாலையில் இரசாயனம் கற்பிப்பவன், அலங்காரம் தெரியாது. ஆனால் அந்தப் பவுடரின் வேலை தெரியும். மைக்கா என்னும் அப்பிரகத்தின் மெல்லிய தகடுகள் மேல் டைட்டேனியம் டைஆக்சைடைப் படலமாகப் பூசியிருப்பார்கள். படலம் தடிக்கத் தடிக்கத் தெறிக்கும் நிறம் மாறும்: முதலில் வெள்ளி, பிறகு பொன், சிவப்பு, நீலம், பச்சை. உங்களுடையது ஊதாவும் நீலமும் தெறிக்கும் வகை. இந்தத் தெறிப்பு வெள்ளைத் தாளில் அவ்வளவாகத் தெரியாது, கருமையான அடித்தளத்தில்தான் எடுப்பாகத் தெரியும். அதனால் மாநிறக் கன்னத்தில் சாம்பல் படிந்ததைப்போல் நிற்கிறது. படலத்தில் இரும்பு ஆக்சைடு சேர்ந்தால் பொன்னும் செம்பும் வெண்கலமும் கிடைக்கும். உங்கள் நிறத்துக்கு அவைதான் பொருந்தும். தகட்டின் அளவும் முக்கியம். சுமார் 25 மைக்ரோனுக்கு (மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உட்பட்டவை ஒன்றாகச் சேர்ந்து மென்மையாக ஒளிரும். 100ஐத் தாண்டினால் ஒவ்வொன்றும் தனிப் பொறியாகக் கண்ணில் குத்தும்.

அலங்காரி:
மைக்ரோன் அளந்து யாரும் கடையில் பவுடர் வாங்குவதில்லை, ஐயா. விரலில் கொஞ்சம் தேய்த்துச் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் போதும். தோலே பளபளத்தால் நல்லது, தோலின் மேல் துகள் கிடந்தால் வேண்டாம். இதைச் சொல்ல இத்தனை வரி தேவையில்லை.

சம்மாந்துறை ஆசிரியர்:
நான் சொன்னதைத்தானே நீங்களும் சொல்கிறீர்கள்.

பட்டிருப்புப் படக்காரன்:
நீங்கள் எல்லோரும் கண்ணாடியில் பார்ப்பதைப் பேசுகிறீர்கள். கல்யாண வீட்டில் கடைசியில் மிஞ்சுவது ஆல்பம்தான். பிளாஷ் நேராக முகத்தில் அடித்தால் ஹைலைட்டர் போட்ட இடம் ஒளியை அப்படியே திருப்பி அனுப்பும், படத்தில் அங்கே வெள்ளைத் திட்டு விழும். எச்.டி. என்று விற்கும் சிலிக்கா பவுடரைக் கண்ணுக்குக் கீழே அப்பியவர்களின் நிலை இன்னும் மோசம். என் கருத்தில் இது முழுக்க வெளிச்சத்தின் பிரச்சினை. சனிக்கிழமையே பூசி, அறையை இருட்டாக்கி, கைத்தொலைபேசியில் பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

மருதமுனைச் சகோதரி:
முழுக்க வெளிச்சம் என்றால் அவர் கண்ணாடியில் கோட்டைக் கண்டது எப்படி, தம்பி? ஆனால் சனிக்கிழமை படம் எடுத்துப் பார்க்கச் சொன்னது நல்ல யோசனை. தங்கச்சி, அடியில் என்ன என்று இன்னும் சொல்லவில்லையே.

கல்லடிப் பிள்ளை:
சன்ஸ்கிரீன், பிறகு பவுண்டேஷன், உடனே ஹைலைட்டர். முகம் கொஞ்சம் எண்ணெய் வடியும்.

மருதமுனைச் சகோதரி:
இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். ஈரமான பவுண்டேஷன் மேல் பவுடர் ஹைலைட்டரைப் போட்டால் தொட்ட இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும், பரவாது. பவுடர் பவுடரின் மேல்தான் வழுக்கிப் பரவும். சன்ஸ்கிரீன் ஊறச் சற்று விடுங்கள், பவுண்டேஷனை மெல்லப் போடுங்கள், டிஷ்யூவால் ஒற்றியெடுங்கள், காம்பாக்ட் பவுடரை லேசாகத் தட்டுங்கள். ஹைலைட்டர் அதற்கு மேல். முடி தளர்ந்த சின்ன பிரஷ் அல்லது விசிறிப் பிரஷ் எடுங்கள். பவுடரைத் தொட்டதும் பிரஷைத் தட்டி உதறுங்கள், மிச்சம் இருப்பது போதும். கன்ன எலும்பின் மேல் விளிம்பில் கண்ணோரத்து நெற்றிப்பொட்டை நோக்கி ஒரே திசையில் இழுங்கள். சிரித்தால் திரளும் கன்னச் சதையில் போட வேண்டாம், மூக்கின் அருகே துளைகள் தெரியும் இடத்திலும் வேண்டாம். பரு, தழும்பு இருந்தால் மினுக்கம் அதைத்தான் முதலில் காட்டும். கூடிவிட்டால் கையால் தேய்க்காமல், காம்பாக்ட் மிச்சமிருக்கும் பிரஷால் ஓரங்களை மட்டும் துடையுங்கள்.

அலங்காரி:
மூக்கின் மேலும் போடக் கூடாது. ஆனி மாதத்துக் கச்சான் வெப்பக்காற்று வீசும் நாளில் பத்து மணிக்கே நெற்றியும் மூக்கும் தாமாகவே மினுங்கும். அதற்குக் காசு கொடுத்து வேறு மினுக்கம் வாங்குவானேன்?

தாழங்குடா வாசகி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். பெட்டியின் பின்னால் சி.ஐ. (நிறப்பொருளின் சுட்டெண்) 75470 என்று இருந்தால் அது கார்மைன், கொச்சினீல் என்ற பூச்சியை அரைத்து எடுக்கும் சிவப்பு. ரோஜா நிற ஹைலைட்டர்களில் வரும். சி.ஐ. 75170 என்றால் மீன் செதிலிலிருந்து எடுக்கும் குவானின். நான் மரக்கறி மட்டும் உண்பவள், பார்த்துத்தான் வாங்குவேன்.

பட்டிருப்புப் படக்காரன்:
மீன் பாடும் தேன்நாடான மட்டக்களப்பில் பிறந்துவிட்டு மீன் செதிலுக்குப் பயப்படுவதா!

தாழங்குடா வாசகி:
பயமில்லை, விரதம். சிரிக்க இதில் ஒன்றுமில்லை.

மருதமுனைச் சகோதரி:
எங்கள் பக்கத்திலும் அந்தப் பூச்சிச் சாயத்தைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. வெளியே பூசுவதுதானே என்று சிலர் விட்டுவிடுவார்கள், சிலர் தொடவே மாட்டார்கள். எண்ணைப் பார்த்து வாங்கினால் இரு தரப்புக்கும் நிம்மதி.

சம்மாந்துறை ஆசிரியர்:
எண்களைப் பார்ப்பவர்கள் சி.ஐ. 77019ஐயும் பாருங்கள், அது மைக்கா. இந்தியாவில் ஜார்க்கண்ட் பக்கத்துச் சுரங்கங்களில் பிள்ளைகள் மைக்கா பொறுக்கும் செய்தி பல வருடங்களாக வருகிறது. இப்போது செயற்கை மைக்காவும் செய்கிறார்கள். பெட்டியில் புளூரோபுளோகோபைட் என்று போட்டிருந்தால் அதுதான்.

செவ்விளநீர்:
பூச்சி, செதில், சுரங்கம்! தேங்காயெண்ணெயில் இவற்றில் ஒன்றாவது இருக்கிறதா?

அலங்காரி:
அந்தப் பிள்ளை கேட்டது கோட்டைப் பற்றி. ஜார்க்கண்டை வேறிடத்தில் பேசுங்கள்.

சம்மாந்துறை ஆசிரியர்:
பொருள் எங்கிருந்து வருகிறது என்பதும் அலங்காரத்தில் சேர்ந்ததுதான், அம்மா. உங்கள் மணப்பெண்கள் யாரும் கேட்டதில்லையா?

அலங்காரி:
ஒப்பனை கலையாமல் தாலி கட்டி முடியுமா என்றுதான் கேட்பார்கள்.

வாவிக்கரை:
இனி சுருக்கமாக: ஊதா அடிக்கும் பவுடரை ஒதுக்கி வையுங்கள், சம்பெயின் அல்லது இளம்பொன் நிறம் வாங்குங்கள். கையின் பின்புறத்தில் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், கைக்கும் முகத்துக்கும் நிறம் ஒன்றாக இருக்காது. கடைக்குள் இருக்கும் மின்குமிழை நம்பாமல் வாசலுக்கு வந்து பாருங்கள். காலைக் கல்யாணம் என்பதால் குறைவாகவே போடுங்கள், பகல் வெயிலில் எல்லாம் இரட்டிப்பாகத் தெரியும்.

கல்லடிப் பிள்ளை:
கல்யாணம் முடிந்தது. சம்பெயின் நிறம், மச்சாளின் விசிறிப் பிரஷ், அடியில் காம்பாக்ட். படத்தில் கோடு இல்லை. மூக்கிலும் கொஞ்சம் தொட்டேன், மத்தியானத்துக்குள் வழிந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

அலங்காரி:
மூக்கில் வேண்டாம் என்று மேலேயே எழுதியிருக்கிறேன்.

திருக்கோவில் ரசிகை:
எந்தக் கடையில் எடுத்தீர்கள், என்ன விலை? எனக்கும் மாநிறம்தான், அடுத்த கிழமை சடங்கு வீடு ஒன்று இருக்கிறது.

திருக்கோவில் ரசிகை:
யாராவது?

வாவிக்கரை:
அவர் இனி வரமாட்டார் போலிருக்கிறது. உங்கள் சருமம் எண்ணெயா, வறட்சியா?