உதவி: பிரெஞ்ச் பிரஸ், கண்ணாடியா ஸ்டீலா? (அவசரம்)

அரைத்தூக்கம் | திங்கள், காலை 7.12

வணக்கம். வீட்டில் காபி போடும் பிரெஞ்ச் பிரஸ் கெட்டுப்போய்விட்டது. கோப்பையில் பாதி காபி, பாதி சேறு. கடைசி இரண்டு வாய் பல்லில் நறநறக்கிறது. புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். கண்ணாடியில் வாங்குவதா, ஸ்டீலில் வாங்குவதா? 3 கப், 8 கப் என்று போட்டிருக்கிறார்களே, எது சரியாக இருக்கும்? இன்று இரவோடு சலுகை முடிகிறது. சீக்கிரம் சொல்லுங்கள்.

வெந்நீர் | காலை 7.30

எத்தனை பேருக்கு? தூள் அரைத்தே வாங்குகிறீர்களா, வீட்டில் அரைக்கிறீர்களா? எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு தூள்? இப்போது இருப்பது எதனால் ஆனது, எத்தனை நாளாக இப்படி இருக்கிறது? இதெல்லாம் தெரியாமல் எதைச் சொல்வது?

காபிக்கடல் | காலை 7.41 | 4,112 பதிவுகள்

மாதத்துக்கு ஒருமுறை இதே கேள்வி வருகிறது. மேலே தேடல் பெட்டி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அழகுக்காக அல்ல.

பிரஸ் கெடுவதற்கு அதில் என்ன இருக்கிறது? ஒரு குடுவை, ஒரு கம்பி, ஒரு வலை. குடுவையில் தூளும் வெந்நீரும் ஊறியதும் கம்பியால் வலையைக் கீழே அழுத்தினால் சக்கை அடியில் நிற்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உங்கள் தூள் மாவு போல இருக்கிறது, அவ்வளவுதான். நைசாக அரைத்த தூள் எந்த வலையிலும் நிற்காது. கொரகொரப்பாக அரைத்த தூள் வேண்டும். சுழலும் பிளேடு வைத்த மிக்சி வகை அரவை உதவாது. அதில் ஒரு பகுதி கட்டியாகவும் ஒரு பகுதி புழுதியாகவும் வரும். பல் சக்கரங்களுக்கு நடுவே கொட்டையை நசுக்கும் அரவை இயந்திரம் வாங்குங்கள். அதன் பிறகு பிரஸ் பற்றிப் பேசலாம்.

பழைய பிளாஸ்க் | காலை 8.05

கண்ணாடி வேண்டவே வேண்டாம். நான் மூன்று உடைத்தவன். மூன்றாவது எப்படி உடைந்தது என்று சொல்கிறேன். ஸ்டீல் கரண்டியால் கலக்கும் பழக்கம் எனக்கு. உள்பக்கம், அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் ஒரு கீறல் விழுந்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும். ஒரு வாரம் அதைப் பார்த்துக்கொண்டே புழங்கினேன். எட்டாம் நாள் வெந்நீர் ஊற்றியதும் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அடிப்பாகம் வட்டமாகக் கழன்று அப்படியே மேடையில் உட்கார்ந்திருக்கிறது, காபி முழுவதும் என் காலடியில்.

இரட்டைச் சுவர் ஸ்டீல் வாங்குங்கள். சூடும் நிற்கும்.

மழைக்குருவி | காலை 8.22

அண்ணா, கரண்டியால் கீறியது நீங்கள், பழி கண்ணாடிக்கா? நல்ல குடுவைகள் போரோசிலிகேட் கண்ணாடியில் வருகின்றன. வெப்பத்தில் அது அதிகம் விரிவதில்லை, அதனால்தான் கொதிநீரைத் தாங்குகிறது. கீறல் விழுந்தால் மட்டும் அந்த இடத்தில் பலம் போய்விடும். மரக்கரண்டி வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

'சூடு நிற்கும்' என்பதும் அரை உண்மைதான். காபியைச் சக்கையோடு சூடாக வைத்திருந்தால் அது இறங்கிக்கொண்டே இருக்கும், இரண்டாம் கோப்பை கசக்கும். கண்ணாடியோ ஸ்டீலோ, தயாரானதும் முழுவதையும் ஊற்றிவிடுவதுதான் முறை. ஸ்டீலில் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்றும் தெரியாது.

வாங்குபவர் பார்க்க வேண்டியது வேறு: அந்த அளவுக்கு மாற்றுக் குடுவையும் மாற்று வலையும் தனியாகக் கிடைக்கின்றனவா? கிடைக்காவிட்டால், ஒரு வலை பிய்ந்ததும் மொத்தமும் குப்பை.

கணக்குப்பிள்ளை | காலை 9.10

கப் கணக்கைக் கேட்டாரே, அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. அது நாம் குடிக்கும் கப் அல்ல. 8 கப் என்று எழுதியிருந்தால் 1 லிட்டர், 3 கப் என்றால் 350 மில்லி. ஒரு கப்புக்கு ஏறக்குறைய 120 மில்லிதான் வருகிறது. பெரிய மக்கில் குடிப்பவருக்கு '3 கப்' ஒரே ஆளுக்குத்தான் காணும். இருவர் என்றால் 4 கப், அதாவது அரை லிட்டர், அதற்குக் குறையாமல் பாருங்கள்.

'எதற்கும் இருக்கட்டும்' என்று பெரியதாக வாங்குவதும் தவறு. ஒரு லிட்டர் குடுவையில் கால் பங்கு ஊற்றினால் சீக்கிரம் ஆறிவிடும். வலை அடி வரை போகாது. அதற்குக் கீழே சக்கையோடு தங்கிவிடும் காபி, சிறிய அளவில் பெரிய நஷ்டம்.

தூள்: லிட்டருக்கு 55 முதல் 60 கிராம். 350 மில்லிக்கு 20 கிராம் சுமாராக. கரண்டிக் கணக்கு வேண்டாம், எடை போடுங்கள். சக்கை தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், ஊற்றிய அளவு கோப்பைக்கு வராது.

இரவுப்பணி | காலை 9.48

யாரும் சொல்லாத ஒன்று: அழுத்தாதீர்கள்.

வெந்நீர் ஊற்றி 4 நிமிடம் விடுங்கள். மேலே ஆடை போல மிதக்கும் சக்கையைக் கரண்டியால் மெல்லக் கலைத்தால் பெரும்பாலும் அடியில் போய்விடும். மிச்ச நுரையை அள்ளி எறியுங்கள். பிறகு இன்னும் 5 நிமிடம் தொடாமல் இருங்கள். கடைசியாக வலையைக் காபியின் மேல்மட்டத்தைத் தொடும் அளவுக்கு மட்டும் இறக்கி, சாய்த்து ஊற்றுங்கள். படிந்த சேற்றைக் கலக்காமல் விட்டால் அது கோப்பைக்கு ஏன் வரப்போகிறது?

காபிக்கடல் | காலை 9.55

அழுத்தாமல் இருப்பதற்குப் பெயர் பிரஸ்ஸா? ஒரு ஜாடியும் தேநீர் வடிகட்டியும் போதுமே. 9 நிமிடத்தில் என் காபி ஆறி, எனக்கு வேலைக்கும் நேரமாகிவிடும்.

இரவுப்பணி | காலை 10.02

ஊற்றும் நேரத்தில் 90 டிகிரிக்கு மேல் இருக்கும் தண்ணீர் 9 நிமிடத்தில் பச்சைத் தண்ணீராகிவிடாது, ஐயா. சூடு கொஞ்சம் தணிந்திருக்கும். நாக்கைச் சுட்டுக்கொண்டு குடிப்பவருக்குச் சுவை எங்கே தெரியும்?

காபிக்கடல் | காலை 10.06

என் நாக்கைப் பற்றிக் கவலைப்பட்டதற்கு நன்றி.

நெல்லிமரம் | காலை 10.40

எந்த முறையில் போட்டாலும் ஒன்றைக் கவனியுங்கள். காபியின் எண்ணெயில் கஃபெஸ்டால் என்ற பொருள் இருக்கிறது, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல்லைக் கூட்டக்கூடியது. காகித வடி அதைப் பெரும்பாலும் பிடித்துவிடும், உலோக வலை விட்டுவிடும். எப்போதோ ஒரு கோப்பை என்றால் பாதகமில்லை. தினமும் நான்கைந்து குடிப்பவர், அதுவும் ஏற்கெனவே கொழுப்பு கூடுதல் உள்ளவர், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

பழைய பிளாஸ்க் | காலை 10.52

அந்த எண்ணெய்க்காகத்தானே இதில் குடிக்கிறோம்! காகிதத்தில் வடித்தால் அந்தக் கனம் நாக்கில் நிற்காது. பிரெஞ்சுக்காரர்கள் என்ன முட்டாள்களா?

சிமிழ் | காலை 11.15

பிரெஞ்சுக்காரர்களை ஏன் இழுக்கிறீர்கள்? இதை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவர்கள் இத்தாலியர்கள்.

பழைய பிளாஸ்க் | காலை 11.19

பெயரே பிரெஞ்ச் பிரஸ். 1852இல் பாரிஸில் மாயர், டெல்ஃபோர்ஜ் என்ற இருவர் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள்.

சிமிழ் | காலை 11.34

வாங்கினார்கள், மறுக்கவில்லை. துளையிட்ட தகட்டைக் கம்பியில் பொருத்தி, குடுவைக்குள் கீழே தள்ளும் யோசனை அவர்களுடையது. ஆனால் அந்தத் தகடு சுவரோடு ஒட்டி நிற்க வேண்டுமே, இடுக்கு இருந்தால் சக்கை ஓரமாக மேலே வந்துவிடுமே. 1929இல் கலிமானி, மொனெட்டா என்ற இரு இத்தாலியர்கள் வாங்கிய காப்புரிமையில்தான் தட்டின் ஓரத்தைச் சுற்றிச் சுருள் கம்பி வருகிறது. குடுவை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் சுருள் விரிந்து சுவரைப் பிடித்துக்கொள்ளும். 1958இல் இன்னொரு வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கியவர் பொண்டானினி. அவருடைய பிரஸ் பிரான்சில், கிளாரினெட் செய்யும் தொழிற்சாலையில் தயாரானது. பிரான்சுக்கு அந்தப் பெருமை போதும்.

பழைய பிளாஸ்க் | காலை 11.40

ஆக, பிரான்சில்தான் செய்தார்கள். ஒத்துக்கொண்டதற்கு நன்றி.

வெந்நீர் | காலை 11.52

நீங்கள் சண்டை போடுங்கள். சிமிழ் சொன்ன சுருள் கம்பியைப் படித்ததும் கேட்க மறந்தது நினைவுக்கு வந்தது.

அரைத்தூக்கம், அழுத்தும்போது கம்பி எப்படி இறங்குகிறது? கையை எதிர்த்து இறுக்கமாகவா, வழுக்கிக்கொண்டா? கோப்பையின் அடியில் இருப்பது களிமண் போன்ற மெல்லிய வண்டலா, முழுத் துணுக்குகளா? விரலில் தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். இறுக்கமும் வண்டலும் என்றால் தூள் நைசு, காபிக்கடல் சொன்னது சரி. வழுக்கலும் துணுக்கும் என்றால் வலையின் ஓரத்தில் வழி இருக்கிறது. அதற்குத் தூளை மாற்றிப் பயனில்லை, புது பிரஸ்ஸும் தேவையில்லை.

காபிக்கடல் | மதியம் 12.03

தூள்தான். பந்தயம் கட்டுகிறேன்.

அரைத்தூக்கம் | மதியம் 1.26

மன்னிக்கவும், கூட்டத்தில் இருந்தேன். ஒரு விரலை வைத்தாலே இறங்கிவிடுகிறது. அடியில் இருப்பவை துணுக்குகள்தான். தூள் நைசு இல்லை, கொட்டை வாங்கி நானே பல் சக்கர அரவையில் கொரகொரப்பாக அரைக்கிறேன். சொல்லவில்லையா? முன்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. போன மாதம் எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தமாகத் தேய்த்தேன், அதன் பிறகுதான் இப்படி.

கணக்குப்பிள்ளை | மதியம் 1.31

'சொல்லவில்லையா?' இல்லை, சொல்லவில்லை.

வெந்நீர் | மதியம் 1.38

அப்படியென்றால் மாட்டிய வரிசை மாறியிருக்கிறது. கம்பியின் நுனியில் திருகியிருக்கும் தட்டை இடப்பக்கமாகத் திருகினால் மூன்று துண்டுகளாக வரும். ஓரத்தில் சுருள் கம்பி சுற்றிய தட்டு, வலை, சிலுவை போல நான்கு கைகள் உள்ள தட்டு. மேலிருந்து கீழாக இதே வரிசையில் மாட்ட வேண்டும். சிலுவைத் தட்டுதான் கடைசி, மரை இருப்பது அதில்தான். வலையின் மடிந்த விளிம்பு மேல்நோக்கி நின்று, சுருளைச் சுற்றி அணைத்திருக்க வேண்டும். வலை தலைகீழாகவோ சுருளுக்கு மேலேயோ போய்விட்டால் சுருளுக்கு அதைச் சுவரோடு அழுத்த வழியில்லை.

மாட்டிய பிறகு தூள் போடாமல் வெறும் தண்ணீரில் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். லேசான பிடிப்பு கையில் தெரிய வேண்டும். சுற்றிலும் வலை கண்ணாடியைத் தொடுகிறதா என்று பாருங்கள். விளிம்பில் இழை பிரிந்திருந்தால் வலை மட்டும் மாற்றுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் அடியில் ஒரு மெல்லிய வண்டல் இருக்கத்தான் செய்யும். கடைசி வாயை விட்டுவிடுவது இந்தக் காபியில் வழக்கம்.

காபிக்கடல் | மதியம் 1.50

பல் சக்கர அரவை வைத்திருப்பவர் அதை முதல் வரியிலேயே எழுதியிருந்தால் நான் ஏன் தூளைச் சொல்லப்போகிறேன்? இருந்தாலும், நாள்பட்டால் அரவையின் பற்கள் தேய்ந்து புழுதி கூடும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மழைக்குருவி | மதியம் 1.54

பந்தயம் என்ன ஆயிற்று, ஐயா?

சிமிழ் | மதியம் 2.20

கவனித்தீர்களா? இத்தாலியச் சுருள் வேலை செய்யாவிட்டால் மிஞ்சுவது 1852இன் பிரெஞ்சுக் காபி. பல்லில் நறநறக்கும்.

பழைய பிளாஸ்க் | மதியம் 2.24

இதற்குப் பதில் எழுத எனக்குத் தெரியும். மாலையில் வருகிறேன்.

வெந்நீர் | செவ்வாய், காலை 8.00

அரைத்தூக்கம், கழற்றிப் பார்த்தீர்களா?

வெந்நீர் | புதன், காலை 8.15

?

அரைத்தூக்கம் | வியாழன், இரவு 9.47

வலை தலைகீழாக இருந்தது. மாற்றி மாட்டினேன், இறக்கும்போது பிடிப்பு தெரிகிறது, துணுக்கு இல்லை. வெந்நீர் அவர்களுக்கு நன்றி. ஆனால் சலுகை முடிகிறதே என்று திங்கள் மாலையே 8 கப் ஸ்டீல் ஒன்று வாங்கிவிட்டேன், இன்று வந்து சேர்ந்தது.

கணக்குப்பிள்ளை | வியாழன், இரவு 9.52

வீட்டில் எத்தனை பேர் என்று இதுவரை நீங்கள் சொல்லவில்லை.

அரைத்தூக்கம் | வியாழன், இரவு 10.05

நான் ஒருவன்தான்.